மே மாதத்தில் வேலை போகும் கால்பந்து வீரர்கள்

கேள்வி இது: இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே ஆடும் சில வீரர்களின் விவரத்தைப் பார்த்தால் பத்து, பதினைந்து கிளப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்? குடும்பம் நடத்தும் அளவுக்கு இதில் பணம் வருமா? எத்தனை வயது வரை தாக்குப்பிடிக்கலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவர்கள் தாமாகக் கிளப் மாறுவதில்லை. ஒப்பந்தம் முடிகிறது, கிளப் புதுப்பிப்பதில்லை, வேறு வேலை தேடுகிறார்கள். ஒரு வருட ஒப்பந்தம்தான் சாதாரணம், இரண்டு வருடம் கிடைத்தால் நல்ல காலம். ஒப்பந்தங்கள் ஜூன் 30 அன்று முடியும். அதனால் இந்த வீரரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது சனிக்கிழமை ஆட்டங்களைவிட ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட மாதங்கள்தான்.

கிளப்புகள் ஏன் நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதில்லை என்பதற்குக் காரணம் லீக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. பிரீமியர் லீக்கில் 20 கிளப். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று 24 வீதம் 72 கிளப்புகள். இந்த மூன்றையும் நடத்துவது இ.எஃப்.எல். என்ற இங்கிலிஷ் ஃபுட்பால் லீக். அதற்கும் கீழே ஐந்தாம் நிலையில் நேஷனல் லீக், ஆறாம் நிலையில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள். நீங்கள் கேட்கும் வகை வீரர் லீக் ஒன்னுக்கும் ஆறாம் நிலைக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர். லீக் ஒன்னில் கடைசி 4 கிளப் கீழே இறங்கும். லீக் டூவில் கடைசி 2 கிளப் இ.எஃப்.எல்லை விட்டே வெளியேறும். இறங்கினால் தொலைக்காட்சிப் பணமும் டிக்கெட் வருமானமும் சுருங்கும். அடுத்த வருடம் எந்தப் பிரிவில் இருப்போம் என்று தெரியாத நிர்வாகம் முப்பது வயது வீரருக்கு மூன்று வருடச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடாது.

வரவைப் பார்த்துத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் நீண்ட காலமாக இருந்து வந்திருக்கிறது: லீக் ஒன்னில் வருமானத்தில் 60 சதவீதம், லீக் டூவில் 50 சதவீதம். 2020 ஆகஸ்டில் இதற்குப் பதிலாக ஒரு கிளப்பின் மொத்த வருடச் சம்பளத்துக்கு நேரடி உச்சவரம்பே கொண்டுவந்தார்கள், லீக் ஒன்னுக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்டு என்று. தொழில்முறை வீரர்கள் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போய் 2021 பிப்ரவரியில் அதை நீக்க வைத்தது. ஆனாலும் மேனேஜர், அதாவது அணியைத் தேர்ந்தெடுக்கும் தலைமைப் பயிற்சியாளர், கையில் இருப்பது அளவான பணம்தான். ஒருவரைச் சேர்க்க இன்னொருவரை அனுப்பியாக வேண்டும். அந்த மேனேஜரே பெரும்பாலும் ஒரு சீசன், இரண்டு சீசனில் போய்விடுவார். புதிதாக வருபவர் தனக்குப் பழகிய ஆட்களைக் கூட்டி வருவார். முந்தைய மேனேஜர் ஆசையாகச் சேர்த்த ஸ்ட்ரைக்கர், எந்தத் தவறும் செய்யாமலேயே, ஜனவரியில் லோனில், அதாவது வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆட, வேறு ஊருக்குப் போவார்.

பயணம் தொடங்குவது 16 வயதில். அகாடமிப் பையனுக்கு இரண்டு வருட ஸ்காலர்ஷிப் கிடைக்கும்: பயிற்சியோடு படிப்பு, சிறிய உதவித்தொகை. 18 வயதில் தொழில்முறை ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பலருக்கு இல்லை என்பதே பதில். பெரிய கிளப் அகாடமியிலிருந்து விடுபட்ட பையன் லீக் டூவுக்கு வருவது வெறும் படி இறக்கம் இல்லை, ஆட்டமே வேறு. அங்கே தரையில் பந்தை நகர்த்திப் பழகியவன், இங்கே நவம்பர் மாதச் சேற்றில், முப்பத்து நான்கு வயது தடுப்பாட்டக்காரரோடு தோளோடு தோள் மோதித் தலையால் பந்தை வெல்ல வேண்டும். இதை 19 வயதிலேயே லோனில் போய்ப் பழகியவர்கள் தேறுகிறார்கள். 22 வயது வரை ரிசர்வ் அணியில் அழகாக ஆடிக்கொண்டிருந்தவர்களை வாங்க யாரும் முன்வருவதில்லை.

24 வயதுக்குள் ஒரு பொறி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலும், பழைய சம்பளத்துக்குக் குறையாத புதிய ஒப்பந்தத்தைக் கிளப் முன்வைத்துவிட்டால், அந்த வீரர் வேறு கிளப்புக்குப் போகும்போது புதிய கிளப் இழப்பீடு கொடுக்க வேண்டும். தொகை ஒத்துவராவிட்டால் ஒரு குழு தீர்மானிக்கும். சிறிய கிளப்புகள் இந்தச் சிக்கலே வேண்டாம் என்று ஒதுங்கிவிடும். அதனால் 22 வயதில் ஆட வாய்ப்பே தராத கிளப்பில் அதே சம்பளத்துக்கு இன்னொரு வருடம் உட்கார வேண்டியதாகிவிடும். 24 ஆனபின் இந்தத் தடை இல்லை. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர் தன் விருப்பப்படி போகலாம். ஏஜென்ட் நல்லவராக இருந்தால், ஒப்பந்தம் 24 வயதைத் தாண்டிய பிறகு முடியும்படி அமைப்பார்.

இப்போது பணம். லீக் டூவில் வாரம் 1,000 முதல் 2,000 பவுண்டு வரை சாதாரணம். லீக் ஒன்னில் அதைவிடக் கூட. நேஷனல் லீக்கில் சில கிளப் லீக் டூ அளவுக்கே கொடுக்கும், சில கிளப் அதில் பாதிகூடக் கொடுக்காது. வாரம் 1,500 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 78,000 பவுண்டு. வருமான வரியும் தேசிய காப்பீடும் சேர்ந்து ஏறக்குறைய 22,000 போய்விடும். கைக்கு வருவது மாதம் சுமார் 4,650. ஏஜென்ட் கட்டணம் வழக்கமாக 5 சதவீதம், அதாவது வருடம் 3,900. இந்தக் கட்டணத்தை வீரர் சார்பில் கிளப் கட்டினால், அது வீரருக்குக் கிடைத்த சலுகையாகக் கணக்காகி, அதற்கும் வரி வரும். இது தெரியாமல் அடுத்த வருடம் வரித்துறைக் கடிதம் வந்தபின் திகைப்பவர்கள் உண்டு. நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓடினால்தான் நல்ல சம்பளம். நடுவில் இரண்டு கோடைக்காலம் வேலையில்லாமல் போனால் கணக்கு மாறிவிடும்.

அடிப்படைச் சம்பளத்தைவிட ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருப்பதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தனித்தொகை, வெற்றி போனஸ், கோல் போனஸ், மேல் பிரிவுக்கு ஏறினால் உயர்வு. இறங்கினால் சம்பளத்தை வெட்டும் நிபந்தனையும் கூடவே இருக்கும். கையெழுத்துப் பணம் இருந்தால் மொத்தமாக வராது, தவணையாகப் பிரித்துத் தருவார்கள். வீடு மாறும் செலவில் 8,000 பவுண்டு வரை வரி இல்லாமல் கிளப் தரலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

அதிகம் சண்டை வருவது நீட்டிப்பு நிபந்தனையில். 25 ஆட்டங்களில் தொடக்க அணியில் இறங்கினால் தானாகவே இன்னொரு வருடம் என்று எழுதியிருப்பார்கள். வீரர் 24 ஆட்டம் ஆடி முடிப்பார். மார்ச் மாதம். அதன்பின் அவர் பெஞ்சில் இருப்பார், கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் இறங்குவார். மேனேஜருக்கு அவர் தேவைதான், ஆனால் மேலேயிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிபந்தனை எழுதும்போதே எண்ணிக்கையைக் குறைவாக வைத்து, மாற்று வீரராக இறங்குவதையும் சேர்த்து எண்ணும்படி கேட்பதுதான் இதற்கு வழி. நீட்டிப்பு உரிமை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். கிளப் கையில் மட்டும் இருந்தால், வீரர் நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே கட்டிப்போடுவார்கள், சரியாக ஆடாவிட்டால் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் லாபம் அவர்களுக்கே.

சீசன் மே முதல் வாரத்தோடு முடியும். மே நடுவுக்குள் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியல் வெளியாகும். மேனேஜர் அறைக்கு ஒவ்வொருவராகப் போவார்கள். ஐந்து நிமிடப் பேச்சு. விடுவிக்கப்பட்டவருக்கு ஒப்பந்தம் முடிந்தபின் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கிடைக்கும். அதற்குள் வேறு கிளப் கிடைத்தால் அந்தத் தொகை நின்றுவிடும், புதிய சம்பளம் குறைவாக இருந்தால் அந்த மாதத்துக்கு வித்தியாசத்தைப் பழைய கிளப் தரும். ஆக, ஜூலை கடைசிவரை சமாளிக்கலாம். ஆகஸ்ட் பிறந்தால் வருமானம் பூஜ்யம்.

இதை ஊரறியச் செய்தவர் அடெபாயோ அகின்ஃபென்வா. லிதுவேனியாவில் தொழிலைத் தொடங்கி, வேல்ஸில் பாரி டவுன், பிறகு டார்க்கி, ஸ்வான்சி, நார்தாம்ப்டன், கில்லிங்கம் என்று சுற்றிவந்த ஸ்ட்ரைக்கர். 2016 மே 30, வெம்ப்ளி மைதானம், லீக் டூ பிளேஆஃப், அதாவது மேலே ஏறும் கடைசி இடத்துக்கான போட்டியின் இறுதி ஆட்டம். ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்காக மாற்று வீரராக இறங்கி, கூடுதல் நிமிடங்களில் பெனால்டி அடித்தார். பிளிமத் 2-0 என்று தோற்றது, விம்பிள்டன் லீக் ஒன்னுக்கு ஏறியது. ஆட்டம் முடிந்ததும் மைக்கின் முன்னால் நின்று, இப்போது எனக்கு வேலை இல்லை, மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்றார். வெம்ப்ளியில் கோல் அடித்து அணியை மேலேற்றிய 34 வயது வீரரின் நிலை அதுதான். ஜூலையில் வைகம்ப் வாண்டரர்ஸ் அவரைச் சேர்த்தது. அங்கே 2018இல் லீக் ஒன்னுக்கும், 2020இல் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்று சாம்பியன்ஷிப்புக்கும் ஏறினார்கள். 38 வயதில் முதல்முறையாக இரண்டாம் நிலையில் நிலைத்து ஆடினார், 40 வயதில் 2022இல் ஓய்வு பெற்றார். அந்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டி அவருக்கு உதவியிருக்கலாம். அவரைப் போலப் பெயர் இல்லாதவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஜூனைக் கழிக்கிறார்கள்.

அழைப்பு வராவிட்டால் ஜூலையில் டிரயல், அதாவது ஒப்பந்தம் இல்லாமல் ஆடிக்காட்டும் சோதனைக் காலம். முன்சீசன் நட்பு ஆட்டங்களின் அணிப் பட்டியலில் பெயருக்குப் பதில் 'டிரயலிஸ்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. பெட்ரோல் செலவு, தங்குமிடம் கொடுத்தால் உண்டு. அந்த நிலையில் முழங்கால் திருகினால் பொறுப்பேற்க ஒப்பந்தம் இல்லை. ஆகவே டிரயலுக்குப் போகுமுன் காயக் காப்பீடு யாருடையது, முடிவு எந்தத் தேதிக்குள் சொல்வார்கள் என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் இழுத்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லை என்று சொன்னால், அதற்குள் மற்ற கிளப்புகளின் பணம் தீர்ந்திருக்கும். ஒப்பந்தம் இல்லாத வீரரை டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்தபின்னும், மார்ச் வரை சேர்க்க விதி இடம் தருகிறது. செப்டம்பர், அக்டோபரில் யாராவது காயப்படும்போது ஒரு மாத ஒப்பந்தம், ஜனவரி வரை ஒப்பந்தம் என்று கிடைக்கும். அதுவரை தனியாக ஓடி உடம்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இன்னொரு விதியும் நினைவில் இருக்கட்டும்: ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டு கிளப்புக்குத்தான் போட்டி ஆட்டங்களில் ஆட முடியும். ஆகஸ்டில் பத்து நிமிடம் ஒரு கிளப்புக்கு இறங்கியதுகூடக் கணக்கில் வரும்.

ஐந்தாம், ஆறாம் நிலைக்கு இறங்கினால் ஒப்பந்தமே வேறு மாதிரி. பல கிளப்புகளில் சீசன் வாரங்களுக்கு மட்டும் சம்பளம், கோடையில் ஒன்றும் இல்லை. பகுதிநேர கிளப் என்றால் செவ்வாய், வியாழன் இரவுகளில் பயிற்சி, பகலில் வேறு வேலை. முப்பது வயதுக்கு மேல் பலர் இதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். வாரம் 500 பவுண்டு கால்பந்திலும், பகலில் பள்ளியிலோ கட்டட வேலையிலோ இன்னொரு சம்பளமும் வந்தால், லீக் டூவில் ஒரு வருட ஒப்பந்தத்தைவிட அது உறுதியானது. என் கணிப்பில், 31 வயதில் இந்த முடிவை எடுப்பவர்கள் 35 வரை மேலே தொங்கிக்கொண்டிருப்பவர்களைவிடப் பிற்காலத்தில் நன்றாக இருக்கிறார்கள்.

எங்கே வீடு எடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கிளப் தேர்வுக்கு அடுத்து முக்கியமானது அதுதான். மான்செஸ்டர் பக்கம் குடியிருந்தால் போல்டன், விகன், ஸ்டாக்போர்ட், சால்ஃபோர்ட், ஓல்டம், ராச்டேல், அக்ரிங்டன், ஹடர்ஸ்ஃபீல்ட், க்ரூ எல்லாம் சுமார் ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள். கிளப் மாறினாலும் பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம், மனைவி வேலையை விட வேண்டாம். அதனால்தான் வடமேற்கு வீரர்கள் எம்62, எம்6 நெடுஞ்சாலைகளை ஒட்டியே குடியிருக்கிறார்கள். காலையில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் மூன்று கார்களை நிறுத்திவிட்டு, ஒரே காரில் நாலு பேராகப் பயிற்சிக்குப் போவார்கள். பிளிமத், எக்ஸிடர், கார்லைல், பாரோ போன்ற மூலை ஊர்களின் கிளப்புகள் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிளிமத்திலிருந்து கார்லைலுக்குச் சுமார் 390 மைல். இரண்டும் லீக் டூவில் இருந்தபோது அது ஒரு லீக் ஆட்டத்துக்கான பயணம். மூலை ஊருக்குப் போகிறவர் குடும்பத்தைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு மூன்று சக வீரர்களோடு வாடகை வீட்டில் தங்குவார். மைதானத்திலிருந்து இத்தனை மைலுக்குள் குடியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். லீக்கில் மட்டும் 46 ஆட்டம், அதற்கு மேல் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, இ.எஃப்.எல். டிராஃபி. சனி ஆடி, செவ்வாய் ஆடி, மறுபடி சனி. தொடைத் தசை கிழிவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. சரியாக ஆறுவதற்கு முன் இறங்கினால் அதே இடத்தில் மறுபடி கிழியும். ஆறு வாரம் பதினான்கு வாரமாகும். எல்லாருக்கும் தெரிந்தும் செய்கிறார்கள், ஏனென்றால் ஒப்பந்தம் முடியும் வருடத்தில் அணிக்கு வெளியே உட்கார்ந்திருக்கப் பயம். கணுக்காலில் வலி மரக்க ஊசி போட்டு ஆடுவதும் அப்படித்தான். முப்பத்தைந்துக்கு மேல் படியிறங்கும்போது அதன் விலை தெரிகிறது.

முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்தால் சுமார் 9 மாதம். அது எந்த மாதத்தில் அறுகிறது என்பதில் வாழ்க்கையே இருக்கிறது. செப்டம்பரில் அறுந்தால் கிளப் சம்பளத்திலேயே குணமாகி ஜூனில் எழுந்துவிடலாம். பிப்ரவரியில் அறுந்தால் ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடியும்போது பாதிக் குணம்தான். நவம்பரில் தயாராகும்போது கிளப்புகளின் பட்டியல் நிரம்பியிருக்கும், ஒரு வருடமாக ஆடாதவரை நம்பிச் சேர்க்க ஆள் தேட வேண்டும். இந்த இடத்தில் வீரர்கள் சங்கம் கை கொடுக்கும். 1907இல் தொடங்கிய சங்கம், உறுப்பினர்களின் அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் உதவுகிறது. கேட்கக் கூச்சப்பட்டுத் தாமதித்தால் கெடுவது முழங்கால்தான்.

அடுத்த ஆபத்து கிளப்பே சம்பளம் தராமல் போவது. 2019இல் போல்டன் வீரர்கள் சம்பளம் வராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வருடம் நவம்பரில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் வீரர்கள் மறுத்ததால், எஃப்.ஏ. கோப்பையில் இளையோரை இறக்கி, ஏழாம் நிலைக் கிளப்பான கிங்ஸ்டோனியனிடம் 0-4 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் அந்தக் கிளப்பை நீதிமன்றம் கலைத்தது. 1999இல் நம்முடைய பைச்சுங் பூட்டியா சேர்ந்த பரி கிளப் 2002இல் ஒருமுறை திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2019 ஆகஸ்டில் இ.எஃப்.எல்லிலிருந்தே நீக்கப்பட்டது. சீசன் தொடங்கியபின் ஒரு முழு அணியே வேலை தேடி அலைந்தது. சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 14 நாள் தாண்டினால், எழுத்துமூலம் 14 நாள் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற வீரருக்கு உரிமை உண்டு. ஆனால் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. திவாலான கிளப் லீக்கில் தொடர வேண்டுமானால் வீரர்களின் சம்பள பாக்கியை முழுதாகத் தீர்க்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பாக்கி பெரும்பாலும் பிறகு வந்துசேரும். நவம்பரில் வெளியேறி வேறு கிளப் கிடைக்காவிட்டால் இரண்டும் போகும். சங்கத்தின் வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது.

சூதாட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி காலை பத்துக்குத் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். தெரியாத ஊர், நீண்ட பிற்பகல், கையில் போன். 2014 ஆகஸ்ட் முதல் உலகில் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்ட இந்த வீரர்களுக்குத் தடை. இந்தத் தடை எட்டாம் நிலை வரை பொருந்தும். அணியில் யார் ஆடப்போகிறார்கள் என்று நண்பனிடம் சொல்வதும் குற்றம். மாட்டினால் மாதக்கணக்கில் தடை, அத்தனை மாதமும் வருமானம் இல்லை. சிக்கிக்கொண்டவர்களுக்கு முன்னாள் ஆர்சனல் வீரர் டோனி ஆடம்ஸ் தொடங்கிய ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது, சங்கம் அங்கே அனுப்பிவைக்கும்.

இவ்வளவையும் தாண்டிச் சிலர் மட்டும் ஏன் பதினைந்து வருடம் நிற்கிறார்கள்? திறமை ஒரு அளவுக்கு எல்லாரிடமும் இருக்கிறது. மேனேஜர் விலை கொடுத்து வாங்குவது, சீசனுக்கு நாற்பது ஆட்டம் ஆடக்கூடிய உடம்பை. அடுத்தது, வலது பின்களமும் நடுப் பின்களமும் இரண்டும் ஆடத் தெரிவது, நீண்ட எறிதல், பெனால்டி, கார்னர் என்று ஏதாவது ஒரு கைச்சரக்கு. மூன்றாவது, பெஞ்சில் உட்கார வைத்தாலும் முகம் சுளிக்காமல் இருப்பது. ஒருவரைச் சேர்க்குமுன் மேனேஜர் அவருடைய முந்தைய இரண்டு மூன்று மேனேஜர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். அந்த அழைப்பில் சொல்லப்படுவதுதான் அடுத்த ஒப்பந்தம். டோனி ஃபோர்ட் 1975இல் க்ரிம்ஸ்பியில் தொடங்கி 2001இல் ராச்டேலில் முடித்தபோது 931 லீக் ஆட்டங்கள் ஆடியிருந்தார். கோல்கீப்பர் அல்லாதவர்களில் அதுவே அதிகம். கோல்கீப்பர்களுக்கு ஆயுள் இன்னும் நீளம். ஆடாமல் இரண்டாவது கீப்பராகவே நாற்பது வரை சம்பளம் வாங்குபவர்கள் உண்டு.

அடுத்த தொழிலுக்கான படிப்பை 27, 28 வயதில் தொடங்குவது சரி, ஓய்வுக்குப் பிறகு என்று தள்ளிப்போட்டால் வாடகை கட்டிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். பிற்பகல்கள் காலியாக இருப்பதே இதற்கு வசதி. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் பி சான்றிதழ், பிறகு ஏ சான்றிதழ் என்று பயிற்சியாளர் பாதை ஒன்று. ஆனால் அந்தப் பாதையில் கூட்டம் அதிகம், வேலைகள் குறைவு. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்து, தான் ஆடிய லீக்கிலேயே பிசியோவாகத் திரும்பியவர்கள் பலர். அதற்குச் சங்கம் பணம் தருகிறது. மின்வேலை, குழாய்வேலை கற்றவர்களும் உண்டு, அவர்களுக்கு வேலை இல்லாத நாள் வருவதில்லை. கடைசி ஒப்பந்தத்தைப் பேசும்போது சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இளையோர் அணிப் பயிற்சிப் பொறுப்பையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். 33 வயதில் கிளப்புகள் இதற்கு எளிதாக ஒத்துக்கொள்கின்றன.